எந்த பஸ் ஸ்டாண்டு?

"கோயமுத்தூர் வர்றேன்" என்று யாராவது போன் பண்ணினால், 'சௌக்கியமா?' என்று கேட்கிற நல்ல பழக்கம் எனக்குக் கிடையாது. என் முதல் கேள்வி, "எந்த பஸ் ஸ்டாண்டு?"

இதற்காக என் மனைவி எனக்கு 'டைம் கீப்பர்' என்று பட்டமே கொடுத்திருக்கிறாள். கொடுக்கட்டும். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, இந்த ஊரில் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டியவன் என்கிற உரிமையில் சொல்கிறேன். கோவைக்கு வருகிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது மருதமலையும் இல்லை, சிறுவாணித் தண்ணீரும் இல்லை. பஸ் ஸ்டாண்டுதான்!

இங்கே வெளியூர் பஸ்களுக்கே நாலு இடம். சேலம், ஈரோடு, திருப்பூர், சத்தியமங்கலம் பக்கமென்றால் காந்திபுரம். திருச்சி, கரூர், மதுரைப் பக்கமென்றால் சிங்காநல்லூர். பொள்ளாச்சி, பழனி, பாலக்காடு என்றால் உக்கடம். ஊட்டி என்றால் மேட்டுப்பாளையம் ரோட்டில் ஒன்று. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வருகிற ஊட்டிக்காரரை வரவேற்கக் காந்திபுரத்தில் மாலையோடு நின்றால், மாலை வாடும். ஊட்டிக்காரர் வரமாட்டார்.

காந்திபுரத்துக்குள்ளேயும் டவுன் பஸ் ஒரு பக்கம், வெளியூர் பஸ் ஒரு பக்கம், ஆம்னி பஸ் இன்னொரு பக்கம். "நான் காந்திபுரத்துல நிக்கிறேன்" என்பது "நான் சமுத்திரத்துல நிக்கிறேன்" என்பது மாதிரி. எந்தக் கரை என்று சொல்ல வேண்டும்.

"நான் ரயிலில் வருகிறேன், எனக்கென்ன?" என்று சிரிக்காதீர்கள். கேரளா போகிற சில ரயில்கள் கோவை ஜங்ஷனுக்குள் வராமலே இருகூரிலிருந்து நேரே போத்தனூர் போய்விடும். 'கேரளா ரயில்தானே, எப்படியும் கோவை வழியாத்தானே போகணும்' என்று ஏறியவர்கள், ஊர் ஜன்னலுக்கு வெளியே விலகிப் போவதைப் பார்த்திருக்கிறார்கள். டிக்கெட் எடுக்கும்போதே 'கோவை ஜங்ஷன் உண்டா?' என்று பார்த்துவிடுங்கள்.

ஊருக்குள் வந்துவிட்டீர்களா? இனி சுலபம். இந்த ஊர் ரோடுகள் பொய் சொல்லாது. அவினாசி ரோட்டில் போனால் அவினாசி, திருச்சி ரோட்டில் போனால் திருச்சி, பாலக்காடு ரோட்டில் போனால் பாலக்காடு. இதைப் பிடித்துக்கொண்டால் பாதி ஊர் உங்கள் கையில்.

இன்டர்வியூவுக்கு வருகிற தம்பிகள் கவனிக்க. பம்ப் செட், ஃபவுண்டரி, லேத் பட்டறை சமாச்சாரமென்றால் பெரும்பாலும் கணபதி, பீளமேடு பக்கம். ஐ.டி. கம்பெனி என்றால் சத்தி ரோட்டில் சரவணம்பட்டிப் பக்கம் இருக்கலாம். சிட்கோ என்று கார்டு வந்திருந்தால் அது பொள்ளாச்சி ரோட்டில் குறிச்சி. கம்பெனி குறிச்சியில், நீங்கள் ரூம் போட்டது கணபதியில் என்றால், ஊரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்ச் சேரும்போது உங்களுக்கு முன்னால் பத்துப் பேர் 'குட்மார்னிங்' சொல்லியிருப்பார்கள். அவினாசி ரோட்டில் 2025 அக்டோபரில் திறந்த ஜி.டி. நாயுடு மேம்பாலம் கோல்டுவின்ஸிலிருந்து உப்பிலிபாளையம் வரை பத்துக் கிலோமீட்டர். ஆட்டோ மேலே ஏறுவதற்கு முன்னால் எங்கே இறங்க வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். மேலே போன பிறகு "இங்கதாங்க, நிறுத்துங்க" என்றால் குதிக்கத்தான் வேண்டும்!

அந்த நாயுடுவும் பஸ்காரர்தான். 1920-ல் பழனிக்கும் பொள்ளாச்சிக்கும் நடுவே ஒரே ஒரு பஸ்ஸை வைத்துத்தான் தொழிலை ஆரம்பித்தார். 1888-ல் ஸ்டேன்ஸ் துரையின் மில் வந்தது. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு மில்கள் மளமளவென்று முளைத்தன. மில்லுக்கு மோட்டார், கிணற்றுக்குப் பம்ப், வீட்டுக்கு கிரைண்டர் என்று ஊரே ஒரு பெரிய பட்டறை ஆகிவிட்டது. அதனால்தான் ஸ்டாப்பிங் பெயர்களிலும் தொழில் வாசனை. லட்சுமி மில்ஸ் ஸ்டாப்பில் இறங்கி சங்குச் சத்தம் கேட்குமா என்று காதைத் தீட்டாதீர்கள். அந்த வளாகத்தில் இப்போது ஹைப்பர் மார்க்கெட் நடக்கிறது. சுங்கம் என்று ஒரு ஸ்டாப் உண்டு. பயப்படாதீர்கள், யாரும் சுங்கம் கேட்கமாட்டார்கள்.

கடைசி எச்சரிக்கை. வழி கேட்டால், "பக்கந்தானுங்க" என்பார்கள். மரியாதையை நம்பலாம். தூரத்தை நம்பக்கூடாது. அந்தப் 'பக்கம்' மூன்று கிலோமீட்டராகவும் இருக்கலாம்.

இவ்வளவு ஞானமும் எனக்குப் பிறவியிலேயே வந்ததில்லை. விலை கொடுத்து வாங்கினேன்.

2000-ஆம் வருஷம். ஒரு பம்ப் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்த்துக்கொண்டு காந்திபுரத்தில் ஒரு மேன்ஷனில் இருந்தேன். செல்போன் முதலாளிகளின் சட்டைப் பைக்குள் மட்டும் இருந்த காலம். வருகிற போனுக்கும் காசு! ஊரிலிருந்து அப்பா கார்டு போட்டிருந்தார். 'வியாழக்கிழமை வருகிறேன். பஸ் ஸ்டாண்டுக்கு வரவும்.' நானும் பதில் கார்டு போட்டேன். 'பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன்.'

பாருங்கள், இரண்டு பேருமே பஸ் ஸ்டாண்டு பெயரை எழுதவில்லை. அப்பாவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். எழுதத் தோன்றவில்லை.

வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டுப் பதினொரு மணிக்குக் காந்திபுரத்தில் நின்றேன். திருச்சி வழியாக வருகிறவர் சிங்காநல்லூரில்தான் இறங்குவார் என்று மண்டையில் உறைக்கவே இல்லை. நான் தினம் பார்க்கிற பஸ் ஸ்டாண்டு அது. அதனால் உலகத்தில் இருக்கிற ஒரே பஸ் ஸ்டாண்டும் அதுதான். ஒரு மணி... இரண்டு மணி... மூன்று மணி. வெயில், பசி, கோபம். மூன்றரைக்கு ஒரு ரூபாய்க் காசைப் போட்டு மேன்ஷனுக்கு போன் செய்தேன். "உங்கப்பா மூணு தடவை பேசிட்டார் சார். சிங்காநல்லூர்ல இருக்காராம்!"

எட்டு ஒன்பது கிலோமீட்டர். டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனேன்.

அப்பா ஒரு டீக்கடை வாசலில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மடியில் மஞ்சப் பை. டீக்கடைக்காரர், "ஏனுங்கய்யா, பையன் வந்துட்டாருங்க" என்று எனக்கு முன்னால் அவரிடம் சொன்னார். அப்பா எழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்பு இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஏனென்றால், அது முடிவதற்குள் நான் கத்தினேன்.

"எந்த பஸ் ஸ்டாண்டுன்னு யாரையாவது கேட்டிருக்கக் கூடாதாப்பா? ஒரு நாள் லீவு போச்சு! சம்பளம் பிடிப்பான்!"

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. டீக்கடைக்காரர் கிளாஸ் கழுவ உள்ளே போய்விட்டார்.

ராத்திரி மேன்ஷனில் அம்மா கொடுத்தனுப்பிய அதிரசத்தைச் சாப்பிட்டோம். "வேலையெல்லாம் எப்படிடா?" என்றார். சொன்னேன். பைக் வாங்கப் பதினெட்டாயிரம் சேர்த்து வைத்திருக்கிறேன் என்றும் பெருமையாகச் சொன்னேன். "நல்லது" என்றார். விடிந்ததும் கிளம்பிவிட்டார். சிங்காநல்லூர் போய் பஸ் ஏற்றிவிட்டேன். எதற்கு வந்தார் என்று நானும் கேட்கவில்லை.

இரண்டு மாசம் கழித்து அம்மாவிடமிருந்து இன்லண்டு லெட்டர் வந்தது. தங்கச்சிக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது, வாய்க்கால் ஓரத்து மூணு மா நிலத்தை அடமானம் வைத்துத்தான் காரியம் நடக்கிறது. கீழே ஒரு வரி. 'உன்னிடம் பதினஞ்சாயிரம் கேட்கலாமென்றுதான் அப்பா வந்தார். நீ அலைச்சலில் இருந்தாயாம். கேட்க மனசு வரவில்லை என்றார்.'

கையில் லெட்டர். மேன்ஷன் வாசலில் பத்து நாளைக்கு முன் வாங்கிய செகண்ட் ஹேண்ட் பைக்.

விற்றேன். பாதிப் பணம்தான் வந்தது. அதை அனுப்பினேன். வட்டிக்கே சரியாய்ப் போயிற்று. நிலம் திரும்பவில்லை.

அப்பா இதைப் பற்றி என்னிடம் கடைசி வரை ஒரு வார்த்தை பேசியதில்லை. கோயமுத்தூரைப் பற்றி மட்டும் ஊரில் எல்லோரிடமும் பேசுவார். "ரொம்ப மரியாதையான ஊரு. டீக்கடைக்காரன்கூட 'ஏனுங்கய்யா'ன்னுதான் பேசுறான். ஸ்டூல் போட்டு உட்காரச் சொன்னான், காசு வாங்கமாட்டேன்னுட்டான்." இதை நானே திண்ணையில் உட்கார்ந்து பலமுறை கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் ஏதோ வேலை இருப்பதுபோல உள்ளே எழுந்து போய்விடுவேன்.

போன மாசம் தங்கச்சி மகன் போன் செய்தான். "மாமா, வியாழக்கிழமை கோயமுத்தூர் வர்றேன்."

"எந்த பஸ் ஸ்டாண்டு?"

"என்ன மாமா நீங்க... மேப் இருக்கு, லொக்கேஷன் அனுப்புறேன். நீங்க வர வேணாம்."

அவன் சொல்வதும் வாஸ்தவம்தான். இப்போதெல்லாம் யாரும் யாருக்காகவும் அஞ்சு மணி நேரம் தவறான இடத்தில் நிற்பதில்லை. இருந்தாலும் அரை மணி முன்னதாகவே சிங்காநல்லூர் போய்விட்டேன். பையன் இறங்கினான். பஸ் முக்கால் மணி நேரம் லேட். "ஸாரி மாமா" என்றான். பரவாயில்லை என்றேன். டீ வாங்கிக் கொடுத்தேன். முதல் வாய் உள்ளே போவதற்கு முன்னால் கேட்டுவிட்டேன்.

"சொல்லுப்பா, என்ன விஷயமா வந்தே?"

"சும்மாதான் மாமா..." என்று இழுத்தான். கிளாஸைப் பார்த்தான். பஸ்ஸைப் பார்த்தான். நான் அவசரப்படவில்லை.

இரண்டாவது டீயில் சொன்னான்.