எல்லாருக்கும் காய்ச்சல்

1/ வேலூர்க்காரங்க அமிர்திக்குப் போயிருப்பீங்க. சின்ன உயிரியல் பூங்கா, அருவி, அதுக்கு மேல ஜவ்வாது மலை. அந்தப் பக்கம் ஒரு மருத்துவ முகாமுக்குப் போனப்போ ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளின் லீவ் லெட்டர்களைப் பார்த்தேன். அத்தனையிலும் ஒரே வரி: "கடுமையான காய்ச்சல் காரணமாக."

டெங்குவோன்னு பதறிட்டேன். பிள்ளைங்க சிரிச்சாங்க. "கைடுல அப்படித்தான் சார் இருக்கு!"

2/ விசாரிச்சா, ஒருத்தன் சாமை அறுப்புக்குப் போயிருக்கான். ஒருத்தி தம்பியைப் பார்த்துக்க வீட்டில் இருந்திருக்கா.

3/ குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. பத்தாவதில் கட்டுரையை மனப்பாடம் பண்ணி மார்க் வாங்கியவன் நான். எம்பிபிஎஸ்ஸில் முதல் கேஸ் ஷீட்டில் "டிஸ்ப்னியா" என்று எழுதி பெருமையா நீட்டினேன். பேராசிரியர் அதை அடிச்சிட்டு, "நோயாளி என்ன சொன்னார்? அதை எழுது" என்றார். அவர் சொன்னது, "ரெண்டு படி ஏறினா மூச்சு வாங்குது." எத்தனை படி என்பது என் பெரிய வார்த்தையில் இல்லை.

4/ அதையே இங்கே செய்து பார்த்தேன். "நிஜக் காரணத்தை எழுதுங்க. பிழை பார்க்க மாட்டேன்." ஒரு பெண் எழுதினாள்: "அம்மாவுக்கு உடம்பு சரியில்லை." அதுக்குக் கீழே நான் ஒரே ஒரு கேள்வி எழுதினேன்: "என்ன செய்யுது?"

திரும்பி வந்த தாள்: "அம்மா குடத்தைத் தூக்கினா பாதி வழியில உக்காந்துடுது. மண்ணு திங்குது. அதான் நான் தண்ணி தூக்குறேன்."

5/ மண் தின்பது இரும்புச்சத்துக் குறைவின் முக்கியமான அடையாளம். அன்னிக்கே அந்த அம்மாவைக் கூட்டிட்டு வரச் சொன்னோம். ஹீமோகுளோபின் 5.2. பெண்களுக்கு 12-க்கு மேல் இருக்கணும். வேலூருக்கு அனுப்பி ரத்தம் ஏற்றினோம். இப்போ நல்லா இருக்காங்க. அவங்க அனுமதியோடதான் எழுதறேன்.

6/ 1971-ல் வெளியான ஓர் ஆய்வுக்காக ஜேனட் எமிக் என்ற அமெரிக்க ஆய்வாளர், 12-ஆம் வகுப்பு மாணவர்கள் எப்படி எழுதுறாங்கன்னு கூடவே இருந்து கவனிச்சார். பள்ளிக்காக எழுதும்போதைவிட தனக்காக எழுதும்போது நின்னு யோசிக்கிறாங்க, அதிகமா மாத்தி எழுதுறாங்க என்பது அவர் கண்டது.

7/ ஆசிரியர்களே, பொதுத்தேர்வு அழுத்தம் புரியுது. கைடு இருக்கட்டும். வாரம் ஒரு நாள் மட்டும்: முதலில் உண்மையை எழுதட்டும். சிவப்பு மைக்குப் பதில் ஒரு கேள்வி கேளுங்க. மறுபடி எழுதட்டும். ஒற்றுப்பிழையைக் கடைசியில் திருத்திக்கலாம்.

அந்தப் பெண்ணின் தாளில் பிழைகள் உண்டு. ஆனா நான் படிச்சதிலேயே தெளிவான கேஸ் ஷீட் அதுதான்.