பாக்ஸ் நின்ற இடம்

1988 அக்டோபரில் பாம்பன் சாலைப் பாலம் திறக்கும்வரை, ராமேஸ்வரம் தீவுக்குள் ஒரு கிட்டார் ஆம்ப்ளிஃபயர் போகவேண்டும் என்றால் ரயில் ஏற வேண்டும், இல்லாவிட்டால் தோணி. மதுரையிலிருந்து வரும் மெல்லிசைக் குழுக்கள் டிரம்ஸையும் காங்கோவையும் பிரேக் வேனில் போட்டுக்கொண்டு வருமாம். காற்று வலுத்தால் பாலத்துக்கு முன்னாலேயே ரயிலை நிறுத்திவிடுவார்கள். தீவில் எட்டு மணிக் கச்சேரிக்கு ஜனம் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும். வாத்தியமெல்லாம் இக்கரையில், மண்டபம் ஸ்டேஷனில் கிடக்கும். எங்கள் குழுவின் மூத்தவர்கள் இதைச் சொல்லும்போது அலுப்பு தெரியாது, ஒருவிதப் பெருமைதான் தெரியும்.

நான் இரண்டாவது கிட்டாராகச் சேர்ந்தபோது பாலம் வந்துவிட்டது. ஆம்ப்ளிஃபயர் பஸ் கூரையில் ஏறியது. ஆம்ப்ளிஃபயர் என்று நாங்கள் யாரும் சொன்னதில்லை, பாக்ஸ். பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர், ஒட்டுப்பலகைக் கூடு, மேலே கறுப்பு ரெக்சின், மூலைக்கு மூலை தகரம். உள்ளே ஒரு ஜோடி 3055 டிரான்சிஸ்டர். ராமநாதபுரம் அரண்மனைப் பக்கத்து ரேடியோ மெக்கானிக் ஒருவர் சொந்தமாகக் கட்டியது. அதற்கு லக்கேஜ் டிக்கெட் எவ்வளவு என்பதில் கண்டக்டருக்கும் எங்கள் டிரம்மருக்கும் கேணிக்கரையில் தொடங்கும் சண்டை, உச்சிப்புளி தாண்டியும் ஓயாது.

அந்தப் பாக்ஸுக்குள் எக்கோவுக்காக ஒரு ஸ்பிரிங் யூனிட் இருந்தது. இரண்டு மெல்லிய சுருள்கம்பிகள், அவ்வளவுதான். ஒலி ஒரு முனையில் ஏறி மறுமுனையில் நடுங்கிக்கொண்டே இறங்கும். மேடை என்பது பெரும்பாலும் பெஞ்சுகளை அடுக்கி மேலே பலகை போட்டதாக இருக்கும். நடனக்காரர் ஒரு குதி குதித்தால் ஸ்பிரிங் அதிர்ந்து ஸ்பீக்கரில் இடி இடிக்கும். மழைப்பாட்டு நேரத்தில் அப்படி இடித்தபோது ஜனம் கைதட்டியது. அதற்குப் பிறகு நடனக்காரர் மழைப்பாட்டில் வேண்டுமென்றே குதிக்க ஆரம்பித்தார்.

உப்புக்காற்றுக்கு எந்தச் சாமானும் தப்பாது. கிட்டார்க் கம்பி பாம்பனில் ஒரு ராத்திரி தூங்கி எழுந்தால் செம்பழுப்பாகிவிடும். வால்யூம் குமிழைத் திருகினால் கரகரக்கும். ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு ஈரம் குடித்து இளகும். வாடைக் காலத்தில் உச்ச சுரங்கள் மழுங்கி, நடுவில் ஒரு கரகரப்பு ஏறும். ‘காயில் உரசுதுண்ணே’ என்று தூக்கிக்கொண்டு போவோம். மெக்கானிக் கூம்பை விரலால் அமுக்கி, காதைச் சாய்த்து, ‘இன்னும் நாலு கச்சேரி தாங்கும்’ என்பார். அவர் வாக்குப்படி தாங்கும்.

இந்தக் கரைக்கு எலக்ட்ரிக் கிட்டார் ஓசை எதிர்க்கரையிலிருந்துதான் முதலில் வந்தது என்று எனக்குத் தோன்றும். எங்கள் வீட்டு ரேடியோவில் திருச்சியைவிட இலங்கை வானொலி தெளிவாக எடுக்கும். தனுஷ்கோடி முனையிலிருந்து தலைமன்னார் சுமார் முப்பது கிலோமீட்டர்தானே. பி. எச். அப்துல் ஹமீதின் குரலும் ஏ. ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’யும் பக்கத்துத் தெருவிலிருந்து வருவதாகவே நினைத்து வளர்ந்தோம். பைலாத் தாளத்தில் கிட்டாரை வெட்டி வெட்டி வாசிக்கும் அந்த முறையை யாரும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை. தங்கச்சிமடம், பாம்பன், வேர்க்காடு பக்கம் கோயில் திருவிழாக் கச்சேரி என்றால் ‘சுராங்கனி’ வாசிக்காமல் மேடையைவிட்டு இறங்கவிட மாட்டார்கள். கீழக்கரைப் பக்கம் கல்யாண வீடுகளில் நாகூர் ஹனிபா பாட்டு. அவர் பிறந்ததே ராமநாதபுரத்தில்தான் என்று ஒவ்வொரு ஊரிலும் ஒரு பெரியவர் வந்து சொல்லிவிட்டுப் போவார். அந்தப் பாட்டுகளில் கிட்டாருக்கு வேலை குறைவு. பாக்ஸின் சூட்டில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கலாம்.

மேடையில் அப்போது மானிட்டர் கிடையாது. பாக்ஸ் கிட்டார்க்காரனுக்குப் பின்னால், ஒரு செங்கல் முட்டுக்கொடுத்து லேசாக மல்லாந்து நிற்கும். தபலாக்காரர் அதைக் கேட்டுக் காலப்பிரமாணம் பிடிப்பார். பாடகி அதன் பக்கம் அரையடி நகர்ந்து சுருதி பிடிப்பார். கீபோர்டுக்காரர் ‘குறைடா’ என்று கண்ணால் மிரட்டுவார். எனக்கு அது காதில் கேட்டதைவிடக் கெண்டைக்காலில் கேட்டது. கிட்டாரோடு அதன் பக்கம் திரும்பி நின்றால் கம்பி தானாக முனகத் தொடங்கும். ஓரடி விலகினால் அடங்கும். மேடையில் எங்கே நிற்கவேண்டும் என்று எனக்குக் கற்றுக்கொடுத்தது அதுதான்.

வெளியுலகத்தில் இதற்கு மாற்று வந்துகொண்டிருந்தது. 1995இல் ரோலண்டின் விஜி-8, 1998இல் லைன் 6 கொண்டுவந்த சிறுநீரக வடிவச் சிவப்புப் பாட், 2006இல் ஆக்ஸ்-எஃப்எக்ஸ். வால்வு எவ்வளவு ஓசைக்கு எப்படிப் பிதுங்கும், டிரான்ஸ்ஃபார்மர் எங்கே திணறும், ஸ்பீக்கர்ப் பெட்டி எந்த அதிர்வெண்ணைத் தூக்கி எதை அமுக்கும் என்பதையெல்லாம் அளந்து, கணக்காக்கி, ஒரு சில்லுக்குள் ஓடவிடுவதுதான் விஷயம். கிட்டாரை அதில் செருகி, அதிலிருந்து ஒரு கேபிளை நேரே மிக்சருக்குக் கொடுத்துவிட்டால் போதும். பாக்ஸ் வேண்டாம், அதற்கு மைக்கும் வேண்டாம்.

எங்கள் பக்கத்து மேடைகளுக்கு அது மெதுவாகத்தான் வந்தது. முதலில் ஒரு சின்ன ஜூம் பெடல். பிறகு சென்னை போன யாரோ வாங்கிவந்த மல்டி எஃபெக்ட்ஸ். இன்று பாஸ் ஜிடி-1 போன்ற ஒன்று 1.3 கிலோதான், நான்கு பேனா பேட்டரியில் ஓடும். ஜெனரேட்டர் நின்றாலும் அதன் திரை எரிந்துகொண்டிருக்கும். மிக்சர் செத்துப்போனதால் யாருக்கும் எதுவும் கேட்காது என்பது வேறு. அதன் பட்டியலில் ஃபெண்டர் ட்வின், வாக்ஸ் ஏசி30, மார்ஷல் எல்லாம் பெயரைச் சற்று மாற்றிக்கொண்டு இருக்கின்றன. எங்கள் தலைமுறையில் யாரும் அவற்றைக் கண்ணால் கண்டதில்லை. ஃபெண்டர் ட்வின் ஏறக்குறைய முப்பது கிலோ. அதற்குக் கண்டக்டர் என்ன டிக்கெட் போட்டிருப்பார்!

ஓசையில் புதியது தோற்கவில்லை. இதை ஒப்புக்கொள்ளாத பழைய ஆட்களோடு எனக்கு ஒத்துப்போகாது. 1982இல் வந்த ‘இளைய நிலா’ அந்தக் காலத்துக் கிட்டார்க்காரன் ஒவ்வொருவனுக்கும் நுழைவுத் தேர்வு. அகூஸ்டிக் கிட்டாரில் துளித்துளியாக உதிரும் அந்தப் பகுதி எங்கள் பாக்ஸில் கொழகொழவென்றுதான் வரும். இன்றைய பையன் காலால் ஒரு பட்டனை மிதிக்கிறான், சுத்தமாக வருகிறது. அடுத்த பாட்டுக்கு இன்னொரு பட்டன். உப்புக்காற்றில் இளகக் காகிதக் கூம்பு இல்லை, உரசக் காயில் இல்லை.

போனது வேறு. இப்போது மேடையில் எல்லோர் காதிலும் இயர்போன். அவரவர்க்கு அவரவர் கலவை: கிட்டார்க்காரனுக்குக் கிட்டார் தூக்கல், பாடகிக்கு அவர் குரல் தூக்கல். ஒரே மேடையில் எட்டுப் பேர் எட்டுக் கச்சேரி கேட்கிறார்கள். தபலாக்காரரின் மகன் ஆக்டோபேட் தட்டுகிறான். இயர்போனைக் கழற்றினால் அவனுக்குக் கேட்பது குச்சி ரப்பரில் படும் டொக் டொக்தான். தப்பு நடந்தால் முன்பு ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கொள்வோம். இப்போது தப்பு அவரவர் காதோடு நின்றுவிடுகிறது. சரி, தப்பும் குறைந்துவிட்டது.

ராத்திரியும் சுருங்கிவிட்டது. 2000த்தின் ஒலி மாசு விதிகளும் 2005இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பும் பத்து மணி என்ற கோட்டைப் போட்டன. எங்கள் காலத்தில் பத்து மணிக்குத்தான் சுருதி சேர்ப்போம். பன்னிரண்டுக்கு மேல் கச்சான் இறங்கினால் ஓசை கடல்பக்கம் போய்விடும், பின்வரிசையில் இருப்பவர்கள் கத்துவார்கள். மைக் செட் பாய் குழாய் ஸ்பீக்கரைக் காற்றுக்கு எதிராகத் திருப்பிக் கட்ட மூங்கிலில் ஏறுவார். பாக்ஸை மட்டும் யாரும் திருப்ப மாட்டார்கள். அது எங்களுக்கானது.

பாக்ஸ் இப்போது அந்தப் பாயின் கிடங்கில்தான் இருக்கிறது. மேலே சீரியல் பல்பு மூட்டை. போன மாசிமாதம் உச்சிப்புளிப் பையன் ஒருவன் என்னோடு வந்தான், நன்றாக வாசிக்கிறவன். கெம்ப்பர் மாதிரியான கருவிகள் எந்த ஆம்ப்ளிஃபயரின் குணத்தையும் மைக் வைத்துப் பிடித்துக்கொள்ளும்; இதையும் பிடித்துவைத்துவிடலாம் என்றான். பாய் மூட்டையை இறக்கி, மின்சாரம் கொடுத்தார். ஒரு இரைச்சல் வந்தது, பிறகு அதுவும் இல்லை. கூம்பை அமுக்கிப் பார்த்தார்.

‘காயில் போச்சு தம்பி. மதுரைக்கு அனுப்பிப் புதுசு கட்டிரலாம்.’

‘கட்டினா பழைய சவுண்டு வருமா பாய்?’

‘எப்படி வரும்? புதுசு புதுசாத்தான் பாடும். கட்டி வாங்கியாந்து பாம்பன்ல எங்க மச்சான் வீட்டு மாடியில போட்டுருவோம். ரெண்டு வாடை போகட்டும். அப்பறம் வந்து புடிச்சுக்க.’

பையன் சிரிக்கவில்லை. மாடிக்குக் கூரை உண்டா என்று கேட்டான்.