குறைஞ்ச தண்ணி எங்க போச்சு?

ஆடி அமாவாசை அன்று காலை பத்து மணி. சதுரகிரி மலைக்குப் போகும் வேன்களும் பஸ்களும் கிருஷ்ணன்கோவில் விலக்கில் வத்திராயிருப்பு ரோட்டுக்குத் திரும்புவதற்காக வரிசைகட்டி நின்றன. எதிர்த்திசையில், ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போக வேண்டிய ஒரு பழைய டீசல் காரும் அந்த நெரிசலில் மாட்டிக்கொண்டது. ஓட்டிக்கொண்டிருந்தவர் அந்தப் பக்கத்துத் தென்னை விவசாயி. பின்சீட்டில் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்த எட்டு மாதக் கர்ப்பிணி மகள். அன்றைக்கு ஸ்கேன் பார்க்கும் நாள். முன்சீட்டில் 78 வயது அப்பா.

கால் மணி நேரமாக வண்டி ஊர்ந்துகொண்டிருந்தது. 'ஏ.சி-யில காத்து சூடா வருதுப்பா' என்று மகள் சொன்ன பிறகுதான் அவர் மீட்டரைப் பார்த்தார். முள் சிவப்புக் கோட்டைத் தொட்டிருந்தது. அடுத்த நிமிடமே பானெட் இடுக்கிலிருந்து ஆவி கிளம்பியது.

ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்தினார். பானெட்டைத் தூக்கி, தோளில் கிடந்த துண்டைச் சுருட்டிப் பிடித்து ரேடியேட்டர் மூடியில் கை வைக்கப்போனார். பின்னாலேயே இறங்கி வந்த அப்பா அவருடைய மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். 'தொடாதலே. குக்கருக்குள்ள கொதிக்கிற மாதிரி உள்ள கொதிக்குது. திறந்தா மூஞ்சியில அடிக்கும்.'

அப்பா சொன்னதில் அணுவளவும் மிகையில்லை. ரேடியேட்டர் மூடி வெறும் மூடியல்ல. ஸ்பிரிங் வைத்த வால்வு. பெரும்பாலான கார்களில் அது சுமார் 1 பார் அழுத்தத்தை உள்ளே பிடித்துவைக்கும். அந்த அழுத்தத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது. 120 டிகிரி வரை தாங்கும். மூடியைத் திருகியதும் அழுத்தம் போய்விடும். அந்த நொடியே கொதிநீரும் ஆவியுமாகப் பீறிட்டு வரும்.

மகளையும் அவள் அம்மாவையும் ஓர் ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு, அப்பாவும் மகனும் புளியமர நிழலில் முக்கால் மணி நேரம் காத்திருந்தார்கள்.

45,000 ரூபாய் கணக்கு

பக்கத்துப் பட்டறையிலிருந்து வந்தவர் எட்டிப் பார்த்தார். 'ஹெட் கேஸ்கட் போயிருக்கும். இன்ஜினை இறக்கணும். 45,000 ஆகும்' என்றார். எதையும் தொட்டுப் பார்க்கவில்லை. எதையும் கேட்கவும் இல்லை.

தேங்காய் வெட்டிய பணம் முழுவதையும் மகளின் பிரசவச் செலவுக்கென்று எடுத்துவைத்திருந்தார் அந்த விவசாயி. அவர் குடியிருப்பது தோட்டத்து வீட்டில். இரவில் வலி எடுத்தால் ஆஸ்பத்திரிக்குப் போக இந்த வண்டியை விட்டால் நாதியில்லை. பணத்தையும் விட முடியாது, வண்டியையும் விட முடியாது என்ற நிலை.

அப்போதுதான் அப்பா கேட்டார். 'இதுக்கு முன்னாடி தண்ணி குறைஞ்சுச்சா?'

'ஒரு வருஷமா வாரத்துக்கு ஒரு லிட்டர் ஊத்திக்கிட்டுத்தான் இருக்கேன்யா. போர் தண்ணிதான்.'

'குறைஞ்சா ஊத்தத் தெரியுது. குறைஞ்ச தண்ணி எங்க போச்சுன்னு கேட்கத் தெரியலையா? வாய்க்கால்ல விட்ட தண்ணி கடைமடைக்கு வரலைன்னா, இன்னும் கொஞ்சம் தண்ணியவா திறந்துவிடுவ? வரப்புல எங்க நண்டு வளை இருக்குன்னு தேட மாட்டியா?'

கிணற்றில் கரன்ட் மோட்டார் வருவதற்கு முன்பு, அப்பா வருடக்கணக்காக ஆயில் இன்ஜின் ஓட்டியவர். பம்ப் தூக்கும் கிணற்றுத் தண்ணீரில் ஒரு பங்கு சின்னக் குழாய் வழியாக இன்ஜினுக்குள் போய், சூட்டை வாங்கிக்கொண்டு வெளியே கொட்டும். அந்தத் தண்ணீரில் அடிக்கடி கை வைத்துப் பார்ப்பார். கை பொறுக்கிற சூடு என்றால் ஓடட்டும். பொறுக்கவில்லை என்றால் நிறுத்திவிடு. அவரிடமிருந்த மீட்டர் அந்தக் கை மட்டும்தான்.

நிற்கும்போதா, ஓடும்போதா?

வண்டியைக் கட்டி இழுத்து ஸ்ரீவில்லிபுத்தூரில் தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் கொண்டுபோனார்கள். அவர் ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் கேள்வி கேட்டார். 'அண்ணாச்சி, சூடு எப்ப ஏறுது? நிக்கும்போதா, ஓடும்போதா?'

யோசித்துப் பார்த்தால், மதுரை ரோட்டில் அழகாபுரி, டி.கல்லுப்பட்டி என்று ஓட்டிப் போகும்போது முள் நடுவிலேயே இருந்திருக்கிறது. கடைவீதி நெரிசலில் நின்றால் ஏறியிருக்கிறது. ஏ.சி-யும் அப்படித்தான்; ஓடும்போது குளிரும், நின்றால் சூடாகும்.

பாதி விடை அதிலேயே கிடைத்துவிட்டது. ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரை ஆற்றிவிடும். நிற்கும்போது ஆற்ற வேண்டியது ஃபேன். மெக்கானிக் இன்ஜினை ஸ்டார்ட் செய்து ஏ.சி-யைப் போட்டார். சுற்ற வேண்டிய ஃபேன் சுற்றவில்லை. ஃபியூஸும் ரிலேயும் சரியாகவே இருந்தன. மோட்டார்தான் கருகிப்போயிருந்தது.

நின்றால் மட்டும் சூடு ஏறினால் முதலில் ஃபேனைப் பார்க்க வேண்டும். ஓடும்போதும் மேடு ஏறும்போதும் சூடு ஏறினால் ரேடியேட்டர் அடைப்பு, திறக்காத தெர்மோஸ்டாட், வேலை செய்யாத வாட்டர் பம்ப் ஆகியவற்றைச் சந்தேகப்படலாம். சூடேறிய இன்ஜினில் ரேடியேட்டரின் மேல் ஹோஸ் கொதித்து, கீழ் ஹோஸ் சில்லென்று இருந்தால், தண்ணீர் சுற்றி வரவில்லை என்று அர்த்தம். ஹோஸைத் தொடும்போது ஃபேனிலிருந்தும் பெல்ட்டிலிருந்தும் கை விலகி இருக்கட்டும். இன்ஜினை நிறுத்திய பிறகும் சில வண்டிகளில் ஃபேன் தானாகச் சுற்றும்.

அடுத்தது, குறைந்த தண்ணீர். ஆறிய ரேடியேட்டரில் கைப்பம்ப் ஒன்றை மாட்டிக் காற்றழுத்தம் கொடுத்தார் மெக்கானிக். கீழ் ஹோஸின் கிளிப் அடியில் துளித்துளியாகக் கசிந்தது. அந்த இடத்தில் உப்புப் பூத்து வெள்ளைத் தடம் ஏற்கெனவே இருந்தது. வண்டி ஓடும்போது கசிகிற தண்ணீர் சூட்டில் உலர்ந்துவிடுவதால் தரையில் சொட்டுத் தெரியவில்லை. ரேடியேட்டர் மூடியின் ரப்பரும் வெடித்திருந்தது. அழுத்தம் நிற்காததால் தண்ணீர் சீக்கிரமே கொதித்திருக்கிறது.

'கேஸ்கட்?' என்று கேட்டபோது விவசாயியின் குரல் உள்ளே போயிருந்தது.

கேஸ்கட் போயிருந்தால் அடையாளம் இருக்கும். இன்ஜின் ஆயில் மோர் கலந்தது போல வெளுக்கும். சைலன்சரில் வெள்ளைப் புகை விடாமல் வரும். ரேடியேட்டருக்குள் குமிழி குமிழியாகக் காற்று கிளம்பும். மூன்றையும் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை.

'நல்லவேளை, உடனே நிறுத்துனீங்க. அந்தச் சூட்டோட இன்னும் ரெண்டு கிலோமீட்டர் ஓட்டியிருந்தா அலுமினிய ஹெட் வளைஞ்சிருக்கும். அந்த 45,000 நெசமாவே ஆகியிருக்கும்' என்றார் மெக்கானிக்.

போர் தண்ணீர் வேண்டாம்

ரேடியேட்டரைக் கழற்றிக் கவிழ்த்தபோது வெள்ளைச் சுண்ணாம்புப் பொடியும் துருத்தண்ணீரும் கொட்டின. சொட்டுநீர்க் குழாயை அடைக்கிற அதே உப்புதான் மயிரிழைக் குழாய்களையும் அடைத்திருந்தது. சுத்தம் செய்து, கூலன்ட்டையும் டிஸ்டில்டு வாட்டரையும் சமபாதி கலந்து ஊற்றினார்கள்.

'தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கிட்டா சூடே ஏறாதுன்னு சொல்றாங்களே?' என்று கேட்டார் விவசாயி.

'ஏறாம இருக்கிறதும் கெடுதல்தான் அண்ணாச்சி. இன்ஜின் அதுக்குரிய சூட்டுக்கு வரலைன்னா டீசல் கூடக் குடிக்கும், தேய்மானமும் கூடும்' என்றவர், தெர்மோஸ்டாட்டைச் சூடாகிக்கொண்டிருந்த தண்ணீரில் போட்டுக் காட்டினார். தண்ணீர் கொதிப்பதற்கு முன்பே அது வாயைத் திறந்தது. நல்ல தெர்மோஸ்டாட், திரும்ப அதே இடத்தில் மாட்டினார்.

ஃபேன் மோட்டார் 3,200, மூடி 250, ஹோஸும் கிளிப்பும் 450, சுத்தம் செய்து கூலன்ட் மாற்றியது 1,600, கூலி 1,200. மொத்தம் 6,700 ரூபாய்.

கிளம்பும்போது மெக்கானிக் இன்னொன்றும் சொல்லி அனுப்பினார். பழைய கூலன்ட்டை வாசலில் ஊற்றக் கூடாது. இனிப்பாக இருப்பதால் நாயும் ஆடும் நக்கும், அது விஷம்.

வழியில் முள் ஏறினால்

* ஏ.சி-யை அணைத்துவிட்டு உடனே ஓரங்கட்டுங்கள். நிறுத்த இடம் வரும்வரை, வண்டியில் ஹீட்டர் இருந்தால் முழுதாகப் போடுங்கள். இன்ஜின் சூட்டில் கொஞ்சத்தை அது இழுக்கும்.
* ஆவி வந்தால் இன்ஜினை நிறுத்துங்கள். அரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஆறட்டும். ஹோஸைத் தொட்டால் சூடே இல்லை என்ற பிறகுதான் மூடியைத் திறக்க வேண்டும்.
* கொதிக்கும் இன்ஜினில் பச்சைத்தண்ணீர் ஊற்றினால் ஹெட் வெடிக்கலாம்.
* ஏறிய முள் சட்டென்று இறங்கினால் நம்பிவிடாதீர்கள். தண்ணீர் மொத்தமும் தீர்ந்து, சென்சார் வெறும் காற்றில் நின்றாலும் முள் இறங்கும்.
* டிராக்டருக்கும் இதே கதைதான். கதிரடிக்கும் நாட்களில் ரேடியேட்டர் முகத்தில் வைக்கோல் தூசி அப்பிக்கொள்ளும். இன்ஜினை நிறுத்தி, ஆறிய பிறகு, உள்பக்கமிருந்து வெளிப்பக்கமாக மெதுவான தண்ணீரில் கழுவுங்கள்.

ஆவணி பிறந்த மூன்றாம் நாள் இரவு மகளுக்கு வலி எடுத்தது. ஆஸ்பத்திரி வாசலில் வேன் ஒன்று குறுக்கே நின்றதால் பத்து நிமிடம் இன்ஜினை ஓடவிட்டே காத்திருக்க வேண்டியிருந்தது. ஃபேன் ஓடும் சத்தம் கேட்டது. முள் நடுவிலேயே நின்றது. விடியற்காலையில் பேத்தி பிறந்தாள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும், வண்டியை எடுப்பதற்கு முன்பே கூலன்ட் பாட்டில் கோட்டை அவர் பார்க்கிறார். ஒரு விரல் அளவு குறைந்திருந்தாலும் உடனே ஊற்றிவிடுவதில்லை. முதலில் வண்டிக்கு அடியில் குனிந்து பார்க்கிறார்.