பட்டாளத்துக்கு வயசாயிடுச்சா?



ஆபீஸ்ல ஆணி அதிகம், அதான் இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு. போன மாசம் எனக்கு 28 முடிஞ்சு 29 ஆரம்பிச்சது. அம்மா ஜாதகத்தைத் தூக்கிக்கிட்டு தரகரைப் பார்க்கக் கிளம்பிட்டாங்க. நான் மாடியில உட்கார்ந்து ஒரு பழைய ஃபைலைப் பிரிச்சுப் பார்த்துட்டு இருந்தேன். உள்ளே, 2023-ல் பெங்களூருக்கு எஸ்.எஸ்.பி. தேர்வுக்குப் போனப்ப பிரிண்ட் எடுத்த அழைப்புக் கடிதம்.

ஆமாங்க. பொட்டி தட்டுற இந்த ஆள்தான் பட்டாளத்துல ஆபீசரா சேரணும்னு போய், அஞ்சு நாள் இருந்துட்டுத் திரும்பி வந்தவன். ஆபீஸ்ல யாருக்கும் தெரியாது. சொந்தத்துல கல்யாணம்னு சொல்லி லீவு போட்டேன். திரும்பி வந்ததும் "கல்யாணம் எப்படி?"ன்னு கேட்டாங்க. "பொண்ணு பிடிக்கலைன்னு சொல்லிடுச்சு"ன்னேன் :-)

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன்.

சொந்த ஊர் மரக்காணம். ஈ.சி.ஆர்.ல பாண்டிச்சேரிக்குப் போனவங்க எல்லாரும் பார்த்திருப்பீங்க, ரோட்டோரமா வெள்ளை வெள்ளையா குவிச்சு வெச்சிருக்கிற உப்பு. நீங்க வண்டியை நிறுத்தி போட்டோ எடுக்கிற அந்த உப்பளத்துலதான் எங்கப்பா முப்பது வருஷமா பாத்தி மிதிக்கிறாரு. சிறுபாணாற்றுப்படையில வர்ற எயிற்பட்டினம் எங்க ஊருதான்னு ஆராய்ச்சியாளர்கள் சொல்றாங்க. அவ்ளோ பழைய ஊர்ல இஞ்சினியரிங் முடிச்ச முதல் தலைமுறை நான்.

எங்க தெருவுல ஒருத்தர் இருக்காரு, ஹவில்தார் மாமா. சொந்த மாமா இல்லை, ஊருக்கே மாமா. பி.எஸ்சி. இயற்பியல் படிச்சுட்டு ரெண்டு வருஷம் வேலை கிடைக்காம உப்பு மூட்டைக்குக் கணக்கு எழுதிட்டு இருந்தவரு. 24 வயசுல ராணுவத்துல சேர்ந்தாரு. துப்பாக்கி தூக்குற வேலைக்கு இல்லை. ராணுவக் கல்விப் படைன்னு ஒண்ணு இருக்கு. அதுல டிகிரி முடிச்சவங்களை நேரடியா ஹவில்தாராவே எடுப்பாங்க, 25 வயசு வரைக்கும். மத்தியப் பிரதேசத்துல பச்மரின்னு ஒரு மலை ஊர், அங்கதான் அவங்க பயிற்சி மையம். அப்புறம் யூனிட் யூனிட்டா போய் ஜவான்களுக்குக் கணக்கு, வரைபடம் படிக்கிறது எல்லாம் சொல்லித் தரணும். பட்டாளத்துல வாத்தியார் வேலை இருக்குன்னே அவரை வெச்சுத்தான் எனக்குத் தெரியும். ரிட்டயராகி வந்து திண்ணையில எங்களுக்கெல்லாம் இலவசமா டியூஷன் எடுத்தாரு. எனக்கு வெக்டார் புரிஞ்சது அந்தத் திண்ணையிலதான்.

பட்டாள ஆசை அங்க பிடிச்சது. ஆனா கல்விக் கடன் இருந்தது, அக்கா கல்யாணம் இருந்தது. 2018-ல் பி.இ. முடிச்சதும் ஓ.எம்.ஆர்.ல ஒரு கம்பெனில சேர்ந்துட்டேன். ஒவ்வொரு வருஷமும் "அடுத்த வருஷம்"னு தள்ளிப் போட்டேன்.

இங்கதான் விஷயம். ராணுவத்துக்கு வயசுங்கிறது கதவு மாதிரி. ஒண்ணு ஒண்ணா சாத்திக்கிட்டே வரும். அக்னிபத் திட்டம் 2022-ல் ஆரம்பிச்சப்ப வயசு 17½-ல இருந்து 21, முதல் வருஷத்துக்கு மட்டும் 23 வரைக்கும் விட்டாங்க. சி.டி.எஸ். எழுதி டேராடூன் போறதுன்னா 24. நம்ம பரங்கிமலை ஓ.டி.ஏ.ன்னா 25. விமானப்படையில தரைப்பணிக்கு 26. பி.இ. படிச்சவங்க எழுத்துத் தேர்வே இல்லாம, மார்க்கை வெச்சு நேரா எஸ்.எஸ்.பி.க்குப் போற டெக்னிக்கல் என்ட்ரிக்கு 27. நான் கடனை அடைச்சு நிமிர்ந்து பார்த்தப்ப வயசு 26. திறந்திருந்தது அந்தக் கடைசிக் கதவு மட்டும்தான்.

போனேன். எஸ்.எஸ்.பி.ல முதல் நாளே பாதிக்கும் மேல ஆளுங்களை ஊருக்கு அனுப்பிடுறாங்க. நான் தப்பிச்சேன். அடுத்து மனோதத்துவத் தேர்வு. அதுல ஒரு பகுதி, 30 நிமிஷத்துல 60 சூழ்நிலை. "காட்டுல போறப்ப நண்பனைப் பாம்பு கடிச்சுடுச்சு, நீ என்ன செய்வே?" மாதிரி. நான் 60-லயும் பிச்சு உதறிட்டேன். ஆத்துல குதிச்சேன், தீயை அணைச்சேன், திருடனைப் பிடிச்சேன், அதே கையோட நேரத்துக்குப் பரீட்சைக்கும் போய் முதல் மார்க் வாங்கினேன். நம்ம மாஸ் ஹீரோக்கள் தோத்தாங்க போங்க.

நேர்முகத்துல அந்த அதிகாரி ரொம்ப அமைதியா ஒண்ணே ஒண்ணு கேட்டாரு. "அஞ்சு வருஷம் நல்ல வேலையில இருந்திருக்கீங்க. ஏன் இப்போ?"

நாட்டுப்பற்று, ஒழுக்கம், சவால்னு மனப்பாடம் பண்ணி வெச்சிருந்ததை ஒப்பிச்சேன். அவர் மறுத்து எதுவும் பேசலை. தலையாட்டிட்டு அடுத்த கேள்விக்குப் போயிட்டாரு. அஞ்சாவது நாள் ரிசல்ட் சொன்னாங்க, என் நம்பர் வரலை. ரயில்ல வர்றப்ப எனக்கே தெரிஞ்சது, அந்தக் கேள்விக்கு என்கிட்ட பதில் இல்லை. அடுத்த முறை போகலாம்னு பார்க்கிறதுக்குள்ள 27 தாண்டிடுச்சு.

ஊருக்கு வந்ததும் அப்பா கேட்டதும் அதேதான். எங்க ஊர் பாஷையில. "இன்னாத்துக்குடா இப்ப போய்?"

அப்புறம் 2024 நவம்பர் 30. ஃபெஞ்சல் புயல். அன்னிக்கு ராத்திரி பாண்டிச்சேரி பக்கத்துல கரையைக் கடந்துட்டு, நகராம அங்கயே உட்கார்ந்துக்கிச்சு. மயிலத்துல ஒரே நாள்ல 50 செ.மீ.க்கு மேல மழை. நான் சனிக்கிழமைன்னு ஊருக்கு வந்திருந்தேன். உப்பளம், ரோடு எல்லாம் ஒரே தண்ணிக் காடு. கீத்து போட்டு மூடி வெச்சிருந்த உப்புக் குவியல் அடியில இருந்து கரைஞ்சு போய்க்கிட்டே இருக்கு. அப்பா வாசல்ல நின்னு பார்த்துட்டே இருந்தாரு. ஒரு வார்த்தை பேசலை.

தாழ்வான வீட்டுக்காரங்களை எல்லாம் பள்ளிக்கூடத்துல கொண்டு வந்து விட்டோம். ஹவில்தார் மாமாவும் வந்தாரு. அறுபது தாண்டின மனுஷன், முட்டி வலி வேற. வீரதீரமா எல்லாம் ஒண்ணும் பண்ணலைங்க. ஒரு நோட்டை எடுத்தாரு, வந்தவங்க பேரை எழுதினாரு, எண்ணினாரு. ஒரு மணி நேரம் கழிச்சு மறுபடி எண்ணினாரு. நோட்டுல 47 பேர், எதிர்ல 46.

ஒரு ஆயா. ஆட்டைக் கட்டிப் போட்டுட்டு வந்துட்டேன்னு யாருக்கும் சொல்லாம திரும்பிப் போயிருக்கு.

"நீ போ"ன்னாரு என்னைப் பார்த்து. டார்ச்சை எடுத்துக்கிட்டு வாசலுக்கு வந்தேன். கரண்டு இல்லை. முழங்காலுக்கு மேல தண்ணி. எங்க ரோடு, எங்க பாத்தி, எங்க வாய்க்கால்னு ஒண்ணும் தெரியலை. அங்கேயே நின்னுட்டேன் மக்களே. ஒரு நிமிஷமோ ரெண்டு நிமிஷமோ. 60 சூழ்நிலையில அறுபதுலயும் குதிச்சவன், 61-வதுல படியில நின்னுட்டேன்.

மாமா பின்னாடி வந்தாரு. திட்டலை. "பயமா இருக்குல்ல? இருக்கணும். தனியா போவாத, இன்னொருத்தனைக் கூட்டிக்க. கயிறு எடுத்துக்க. முன்னாடி குச்சியால குத்திப் பார்த்துட்டு காலை வை" அப்படின்னாரு. பக்கத்து வீட்டுத் தம்பியைக் கூட்டிக்கிட்டுப் போனேன். ஆயாவையும் கூட்டிட்டு வந்தோம், ஆட்டையும் தூக்கிட்டு வந்தோம். (ஆடு என் மேல பண்ணின காரியத்தை இங்க எழுத முடியாது.) மாமா நோட்டை எடுத்து மறுபடி எண்ணினாரு. 47. "ம்"னு மூடி வெச்சாரு. அவ்ளோதான்.

மறுநாள் டிசம்பர் 1, பாண்டிச்சேரி கிருஷ்ணா நகர்ல வெள்ளத்துல மாட்டிக்கிட்ட நூறு பேருக்கு மேல ராணுவம் வந்து மீட்டதை எல்லாரும் போன்ல வீடியோவா பார்த்துட்டு இருந்தாங்க. நானும் பார்த்தேன். முன்னெல்லாம் அந்த யூனிஃபார்மைத்தான் பார்ப்பேன். அன்னிக்கு என் கண்ணு போனது படகு ஓரத்துல இருந்த கயிறு மேல, யாரு எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்காங்கங்கிறது மேல.

இப்ப ஏன் இதை எழுதுறேன்னா, இன்னொரு கதவு இருக்கு. பிரதேச ராணுவம், அதாங்க டெரிட்டோரியல் ஆர்மி. 1949 அக்டோபர் 9-ல் அப்போ கவர்னர் ஜெனரலா இருந்த நம்ம ராஜாஜி தொடங்கி வெச்சது. தோனி கௌரவ லெப்டினன்ட் கர்னலா இருக்காரே, அது. ஆனா கௌரவம் எல்லாம் இல்லாம நம்மளை மாதிரி ஆளுங்களும் பரீட்சை எழுதிப் போகலாம். வயசு 18-ல இருந்து 42. டிகிரி வேணும், உடம்பு தகுதியா இருக்கணும். முக்கியமா, சம்பாதிக்கிற ஒரு வேலை கையில இருக்கணும்.

இந்தக் கடைசி நிபந்தனையைப் படிச்சப்ப எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. இத்தனை வருஷமா பட்டாளத்துக்குப் போகவிடாம என்னைப் பிடிச்சு வெச்சிருக்குன்னு நான் திட்டின இந்தப் பொட்டி தட்டுற வேலைதான் இங்க நுழைவுச் சீட்டே. வருஷத்துல ரெண்டு மாசம் பயிற்சி, மிச்ச நாள் நம்ம வேலை. வாழ்க்கைத் தொழிலா நினைச்சு வராதீங்கன்னு அவங்களே சொல்லிடுறாங்க. எழுத்துத் தேர்வு, நேர்முகம், அப்புறம் மறுபடி அதே எஸ்.எஸ்.பி. 2023-ல் வந்த அறிவிப்புல நாடு முழுக்க மொத்தமே 19 இடம். கிடைக்கிறது கஷ்டம்தான், தெரியும்.

ரெண்டு மாசம்னு சொல்லி அம்மாவை ஒரு வழியா சமாளிச்சு வெச்சிருந்தேன். 2025 மே மாசம் பாகிஸ்தானோட சண்டை மூண்டப்ப, பிரதேச ராணுவத்துல இருக்கிறவங்களைத் தேவைக்குக் கூப்பிட்டுக்கலாம்னு ராணுவத் தளபதிக்கு மத்திய அரசு அதிகாரம் கொடுத்துச்சு. அம்மா டி.வி.ல அதைப் பார்த்துட்டு, "ரெண்டு மாசம்னு சொன்னியேடா"ன்னு கேட்டாங்க. பதில் சொல்ல முடியலை. ஏன்னா அது உண்மைதான். 65-லயும் 71-லயும் இந்தப் படை போருக்குப் போயிருக்கு. சேர்றதுன்னா அதுக்கும் சேர்த்துத்தான் கையெழுத்து. அந்த வாரம் முழுக்க எனக்குத் தூக்கம் இல்லை. ஆசை இருக்கான்னு யோசிக்கலை. அது போகலைன்னு தெரியும். அம்மாகிட்ட பொய் சொல்லிட்டுப் போகக் கூடாதுன்னு முடிவு பண்ணினேன். உட்கார வெச்சு முழுசா சொன்னேன். ரெண்டு நாள் பேசலை. மூணாவது நாள் கேழ்வரகு அடை சுட்டுப் போட்டாங்க. எங்க வீட்டுல அதுக்கு "சரி"ன்னு அர்த்தம்.

வயசானப்புறம் என்னத்துக்குன்னு கேட்கிறவங்களுக்கு ரெண்டு பேரைச் சொல்றேன். ஸ்வாதி மகாதிக். கணவர் கர்னல் சந்தோஷ் மகாதிக் 2015-ல் காஷ்மீர்ல வீரமரணம். முப்பது வயசுக்கு மேல, ரெண்டு குழந்தைகளோட அம்மா. வயசு வரம்பைத் தளர்த்திக் கொடுத்தாங்க. நம்ம பரங்கிமலையில முழுப் பயிற்சியும் முடிச்சு 2017-ல் லெப்டினன்ட் ஆனாங்க.

இன்னொருத்தர் நம்ம கலாம். திருச்சியில பி.எஸ்சி. இயற்பியல், அப்புறம் குரோம்பேட்டை எம்.ஐ.டி. விமானப்படைத் தேர்வுக்கு டேராடூன் போனாரு. இடம் எட்டு, அவர் ஒன்பதாவது. பின்னாடி ஜனாதிபதியா முப்படைக்கும் தலைவரா இருந்தப்ப, 2006 ஜூன்ல புனேயில சுகோய் விமானத்துல பறந்தாரு. வயசு 74. அவ்ளோ பெரிய ஆளோட என்னை ஒப்பிடலைங்க, அடிக்க வராதீங்க. ஒன்பதாவதா வந்து ஊர் திரும்புன அந்தப் பயணம் எப்படி இருந்திருக்கும்னு மட்டும் எனக்குக் கொஞ்சம் தெரியும்.

போன வாரம் உப்பளத்துக்குப் போயிருந்தேன். அப்பா பாத்தித் தண்ணியில கண்ணாடி மீட்டரை விட்டு டிகிரி பார்த்துட்டு இருந்தாரு. கடல் தண்ணி 3 டிகிரி இருக்கும். வெயில்ல காஞ்சு காஞ்சு 25 வந்தாத்தான் உப்பு இறங்கும். முன்னாடியே அவசரப்பட்டா ஒண்ணும் கிடைக்காது, 30-க்கு மேல விட்டா கசப்பு. பார்த்துக்கிட்டே மறுபடி அதே கேள்வி. "சரி, போறதுன்னா போ. ஆனா இன்னாத்துக்குடா இப்ப?"

இந்த முறை பதில் இருந்தது. "அன்னிக்கு ராத்திரி மாமா எண்ணினாரே, அதைக் கத்துக்கணும்ப்பா. அவரு இல்லாதப்ப இங்க யாராச்சும் எண்ணணும்ல."

அப்பா மீட்டரைக் கழுவித் துடைச்சு பையில வெச்சாரு. "அதை அந்த ஆபீசர்கிட்ட சொல்லு"ன்னாரு.

அடுத்த அறிவிப்பு வந்ததும் விண்ணப்பம் போடப் போறேன். சாயங்காலம் திண்ணையில மாமா பழையபடி கணக்கு சொல்லித் தர்றாரு, 29 வயசு மாணவனுக்கு. அங்க வர்ற ஏழாம் கிளாஸ் பசங்க என்னை "அண்ணா, நீங்க எத்தனை தடவை ஃபெயில்?"னு கேட்கிறானுங்க. ஒரு தடவைதான்டா, இன்னும் 13 வருஷம் இருக்குன்னு சொல்லியிருக்கேன் :-)

பி.கு.: யாராச்சும் வேலையில இருந்துக்கிட்டே இந்தப் பரீட்சை எழுதியிருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. எங்க டீம் லீடர் இதைப் படிச்சா, அந்தக் கல்யாண மேட்டருக்கு ஸாரி.