ஒரே சைக்கிள், நாலு பெடல், 1,200 கிலோமீட்டர்... பாரிஸ் - பிரெஸ்ட் பாதையில் ஜோடி ஜோடியாக!

நம்ம ஊரில் கணவனும் மனைவியும் ஒரே சைக்கிளில் போவது புதிய சங்கதி இல்லை. கணவர் மிதிப்பார். மனைவி கேரியரில் ஒருபக்கமாக உட்கார்ந்து, மடியில் பிள்ளையையும் கையில் மஞ்சள் பையையும் பிடித்துக்கொண்டு வருவார். `டபுள்ஸ்' என்று அதற்குப் பெயர். டபுள்ஸ் போனால் போலீஸ்காரர் டயரில் காற்றைப் பிடுங்கிவிடுவார் என்று தாத்தாக்கள் இன்றும் கதை சொல்வார்கள்.

பிரான்ஸில் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் ஒரு நெடும்பயணத்திலும் தம்பதிகள் டபுள்ஸ் போகிறார்கள். ஒரே வித்தியாசம், அங்கே பின் சீட்டுக்காரருக்கும் பெடல் உண்டு. அந்தப் பயணத்தின் பெயர் பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ். பாரிஸ் பக்கத்திலிருந்து கிளம்பி, அட்லாண்டிக் கடலோரத்தில் உள்ள பிரெஸ்ட் துறைமுகம் வரை போய், மறுபடி கிளம்பிய இடத்துக்கே திரும்ப வேண்டும். தூரம் 1,200 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். சென்னையிலிருந்து கன்னியாகுமரி போய், அங்கிருந்து உளுந்தூர்பேட்டை வரை திரும்பி வருவது போல. அதிகபட்ச நேரம் 90 மணி. சாப்பாடு, தூக்கம், பஞ்சர், சண்டை, சமாதானம் எல்லாம் அதற்குள் அடக்கம்.

இதன் வரலாறு 1891-ல் தொடங்குகிறது. `லெ பெத்தி ஜூர்னால்' பத்திரிகையின் பியர் ஜிஃபார் நடத்திய அந்த முதல் போட்டியில் ஜெயித்தவர் சார்ல் தெரோன். 71 மணி 22 நிமிடம். அவரை முந்தி ஓடிக்கொண்டிருந்த ழியெல்-லவால் மூன்றாம் நாள் இரவில் படுத்துவிட, அந்த நேரம் பார்த்து தெரோன் அவரைக் கடந்துவிட்டார். முயல் - ஆமை கதைதான், ஆனால் இங்கே ஆமையும் முயல் வேகத்தில்தான் ஓடியது.

பிறகு தொழில்முறைப் போட்டி ஒரு கட்டத்தில் நின்றே போனது. சாதாரண ஆட்கள் நேரக்கெடுவுக்குள் ஓட்டி முடிக்கும் பயணம் மட்டும் நிலைத்தது. இன்று `ஆடாக்ஸ் க்ளப் பாரிஸியன்' நடத்துவது அதைத்தான். முதல் பரிசு, இரண்டாம் பரிசு கிடையாது. பெண்கள் முதன்முதலாக இந்தப் பாதையை ஓட்டி முடித்தது 1931-ல். அவர்களில் சிலர் முடித்தது ஆண் துணையுடன் இரட்டை சைக்கிளில், அதாவது டேண்டத்தில். ஆக, இந்தப் பாதையில் ஜோடிகளுக்கு 90 ஆண்டுகளுக்கு மேற்பட்ட உரிமை இருக்கிறது.

டேண்டத்தில் முன்னால் இருப்பவருக்கு `கேப்டன்' என்று பெயர். ஹேண்டில்பார், பிரேக், கியர் எல்லாம் பெரும்பாலும் அவர் கையில். பின்னால் இருப்பவர் `ஸ்டோக்கர்'. நீராவி எஞ்சினில் கரி அள்ளிப் போடுபவரைக் குறிக்கும் சொல் அது. பெயரிலேயே கொஞ்சம் ஓரவஞ்சனை இருக்கிறது. உயரமும் எடையும் கூடியவர் முன்னால் இருந்தால் வண்டி சொன்னபடி கேட்கும் என்பதால், தம்பதிகளில் பெரும்பாலும் கணவர்தான் முன் சீட்டில்.

ஆனால், கரி அள்ளுவதோடு ஸ்டோக்கரின் வேலை முடிவதில்லை. வழி பார்ப்பது, பையிலிருந்து பிஸ்கட் எடுத்து முன்னால் நீட்டுவது, நேரக் கணக்கு வைப்பது, நடுச்சாமத்தில் கேப்டன் கண் சொக்காமல் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வருவது... எல்லாம் பின் சீட்டில்தான். இத்தனையும் செய்பவருக்கு எதிரே தெரிவது ஒரு முதுகு மட்டும்தான். பள்ளம் வருவது தெரியாது. தனி சைக்கிளில் பள்ளத்தைப் பார்த்ததும் உடம்பு தானாக சீட்டிலிருந்து எழும். பின் சீட்டில் அந்த வாய்ப்பில்லை. முன்னால் இருப்பவர் `பள்ளம்' என்று குரல் கொடுக்க மறந்தால், அடி முழுக்கப் பின்னால் இருப்பவருக்கு. நாலு நாள் பயணத்தில் இது சின்ன விஷயமில்லை. சீட்டில் உராய்ந்து வரும் புண், மூட்டுவலிக்குச் சமமாக ஆட்களை வீட்டுக்கு அனுப்பக்கூடியது.

இன்னொன்று, இரண்டு பேரின் பெடலையும் ஒரு செயின் இணைத்திருக்கிறது. வழக்கமான டேண்டத்தில் ஒருவர் மிதித்தால் இன்னொருவர் காலும் சுற்றியே ஆக வேண்டும். ஒருவர் நிறுத்தினால் இருவரும் நிறுத்த வேண்டும். எழுந்து நின்று மிதிப்பதற்கும் சொல்லிவிட்டுத்தான் எழ வேண்டும்.

பயணம் கிளம்பும் இடம் பாரிஸுக்குத் தென்மேற்கே உள்ள ராம்பூயே. 2019, 2023 இரண்டு முறையும் அங்குள்ள தேசிய ஆட்டுப் பண்ணைதான் தொடக்க இடம். பதினாறாம் லூயி மன்னர் காலத்தில் ஸ்பெயினிலிருந்து மெரினோ ஆடுகளைக் கொண்டுவந்து வளர்த்த பண்ணை அது. ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒரேயடியாகக் கிளம்ப முடியாது என்பதால், அணி அணியாக அனுப்புவார்கள். டேண்டம், மூன்று சக்கர வண்டி, படுத்தபடி ஓட்டும் சைக்கிள் எல்லாம் தனி அணி. காரணம் இருக்கிறது. இறக்கத்தில் இரண்டு பேர் எடையோடு டேண்டம் பறக்கும். மணிக்கு 60 கிலோமீட்டரைத் தாண்டுவது சாதாரணம். அடுத்த ஏற்றத்திலேயே அது மாட்டு வண்டி ஆகிவிடும். கூட்டத்தோடு சேர்ந்து போவது இரு தரப்புக்கும் தொல்லை.

பாதையில் பெரிய மலை எதுவும் இல்லை. ஆனால் மேடும் பள்ளமும் ஓய்வதே இல்லை. வில்லேன், ஃபூழேர், தாந்தெனியாக், லூதேயாக், கரே என்று ஊர்கள் வந்துகொண்டே இருக்கும். பிரெஸ்டுக்கு முன்னால் ரோக் டிரெவெசெல் குன்று. மொத்த ஏற்றத்தையும் கூட்டினால் சுமார் 12,000 மீட்டர். எவரெஸ்ட்டின் உயரம் 8,849 மீட்டர்தான். வானிலையும் கைகொடுக்கும் என்று சொல்ல முடியாது. 2007-ல் மழை விடாமல் அடித்ததில் ஏராளமானவர்கள் பாதியில் விலகினார்கள். 2019-ல் எதிர்க்காற்றும் இரவுக் குளிரும் நம் நாட்டுக்காரர்கள் பலரைப் படுத்தி எடுத்துவிட்டன.

லூதேயாக் வரும்போது 440 கிலோமீட்டர் வாக்கில் ஆகியிருக்கும். பலருக்கு முதல் தூக்கம் இங்கேதான். கன்ட்ரோல் எனப்படும் சோதனை மையங்களில் அட்டையில் முத்திரை வாங்கி, உணவகத்தில் சாப்பிட்டு, வரிசையாகக் கட்டில் போட்ட கூடத்தில் படுக்கலாம். எத்தனை மணிக்கு எழுப்ப வேண்டும் என்று சொல்லிவிட்டால், தன்னார்வலர் வந்து தட்டி எழுப்புவார். இடம் கிடைக்காதவர்கள் உணவக மேஜை மீதே தலை சாய்த்துவிடுவார்கள். சிலர் சாலையோரப் புல்லில்.

தம்பதிகளுக்கு உண்மையான சோதனை ஏற்றத்தில் அல்ல, இங்கேதான். ஒருவருக்கு மூன்று மணி நேரம் தூங்கியே ஆக வேண்டும். இன்னொருவருக்கு நேரம் போகிறதே என்ற பதற்றம். ஒருவருக்கு முழங்கால் வலி. இன்னொருவர் உடம்பில் இன்னும் தெம்பு இருக்கிறது. தனித்தனி சைக்கிள் என்றால் `நீ முன்னாடி போ, நான் மெதுவா வந்துடறேன்' என்று சொல்லிவிடலாம். டேண்டத்தில் அந்த வசனத்துக்கு இடமில்லை. ஒருவர் விலகினால் மற்றவருக்கும் பயணம் அங்கேயே முடிந்தது. ஓராண்டுப் பயிற்சி, விமான டிக்கெட், நான்காண்டுக் காத்திருப்பு எல்லாம் இன்னொருவரின் முழங்காலில் தொங்குகிறது. வலியை மறைத்துக்கொண்டு மிதிப்பதா, சொல்லிவிடுவதா? மறைத்தால் காயம் பெரிதாகலாம். சொன்னால் இருவர் கனவும் போகலாம். இருபது வருடக் குடும்ப வாழ்க்கையில் கூட இப்படி ஒரு கேள்வி நேருக்கு நேர் வந்து நிற்காது.

அதே செயின் நன்மையும் செய்கிறது. பலம் குறைந்தவர் பின்தங்கிப் போவதே இல்லை. அவர் ஒரு மணி நேரம் சுணங்கினாலும் மற்றவர் இழுத்துக்கொண்டு போவார். அடுத்த மணி நேரம் கணக்கு நேராகிவிடும். தனித்தனியாக ஓட்டினால் ஒருவர் எப்போதும் ஏற்றத்தின் உச்சியில் காத்திருக்க வேண்டிய ஜோடிகள் டேண்டத்துக்கு மாறுவது இதனால்தான்.

வழியெங்கும் கிராமத்து மனிதர்கள் வீட்டு வாசலில் மேஜை போட்டுக் காத்திருப்பார்கள். தண்ணீர், காபி, `க்ரேப்' என்னும் மெல்லிய பிரெஞ்சு தோசை. நம்ம ஊர் பாதயாத்திரைக்காரர்களுக்கு நீர்மோர்ப் பந்தல் வைப்பது போலத்தான். ஒரு குக்கிராமத்தில் காசு வாங்குவதில்லை. ஊருக்குப் போனதும் ஒரு போஸ்ட் கார்டு போடுங்கள் என்பது மட்டும்தான் கோரிக்கை. இந்தப் பயணத்தின் பெயரில் ஒரு இனிப்பே இருக்கிறது. 1910-ல் லூயி துரான் என்ற இனிப்புக்கடைக்காரர் சைக்கிள் சக்கரம் போல வட்டமாகச் செய்த `பாரிஸ்-பிரெஸ்ட்', இன்று பிரான்ஸ் முழுக்கப் பிரபலம். நம் உளுந்து வடையின் தங்கை மாதிரி இருக்கும், உள்ளே க்ரீம்.

இதையும் தாண்டிய ஜோடிகள் இருக்கிறார்கள். 2022-ல் ஸ்டீவி மாஸி, லாரா மாஸி-பியூ என்ற பிரிட்டிஷ் தம்பதி பெர்லினில் கிளம்பி, டேண்டத்திலேயே உலகைச் சுற்றி 180 நாள்களில் பெர்லின் திரும்பினார்கள். அவர்களோடு ஒப்பிட்டால் 90 மணி நேரம் வெறும் வார இறுதிச் சுற்றுலா!

நினைத்தவுடன் பாரிஸ்-பிரெஸ்ட் போய்விடவும் முடியாது. பயணம் நடக்கும் அதே ஆண்டில் 200, 300, 400, 600 கிலோமீட்டர் தகுதிப் பயணங்களை முடித்திருக்க வேண்டும். `பிரெவே' என்று அவற்றுக்குப் பெயர். 200-க்கு பதின்மூன்றரை மணி நேரம், 600-க்கு 40 மணி நேரம். இந்தியாவில் ஆடாக்ஸ் இந்தியா ராண்டனர்ஸ் அமைப்பின் கீழ் இவை நடக்கின்றன. சென்னையிலும் கோவையிலும் ஓட்டலாம். அடுத்த பாரிஸ்-பிரெஸ்ட் 2027 ஆகஸ்டில். முந்தைய ஆண்டில் நீண்ட பிரெவே முடித்தவர்களுக்குப் பதிவில் முன்னுரிமை உண்டு.

ஆசைப்படும் தம்பதிகள் முதலில் கொடைக்கானல் ஏரிக்கரையில் வாடகைக்குக் கிடைக்கும் இரட்டை சைக்கிளை எடுத்துப் பார்க்கலாம். ஒரு சுற்று சுமார் 5 கிலோமீட்டர். அப்படி 240 சுற்று! முதல் சுற்றிலேயே முன் சீட்டில் யார் என்பதைப் பேசி முடித்துக்கொள்வது நல்லது.