தறித் தெருவில் ஓர் இல்லம்

பெரிய காஞ்சிபுரம் என்றதும் கிருஷ்ணதேவராயர் 1509-இல் எழுப்பிய ஏகாம்பரநாதர் கோயில் கோபுரமும், காமாட்சியம்மன் ஆலயமும், பல்லவர் காலத்துக் கைலாசநாதர் கோயிலுமே பலருடைய நினைவில் எழும். ஆயினும் இவ்வூரை அறிய விழையும் அன்பர்கள், தறியோசை கேட்கும் தெருக்களிலும் சற்றே நடந்து வர வேண்டும்.

இவ்வூர்ச் சேலைக்குப் புகழ் சேர்ப்பது கோர்வை என்னும் நெசவு முறை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம், மூன்று நாடாக்கள். ஆகவே நெய்பவருக்குத் துணையாக, கரை நாடாவை வாங்கி எறிய மற்றொருவர் தறியில் அமர வேண்டும். நெடுங்காலம் அந்த மற்றொருவர் பெரும்பாலும் ஒரு சிறு பிள்ளை. 1986-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டமும், 2002-இல் இங்கே பணி தொடங்கிய ‘ஹேண்ட் இன் ஹேண்ட்’ போன்ற தொண்டு நிறுவனங்களின் உழைப்பும் அப்பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்து வந்தன.

பள்ளி கிடைத்த பிள்ளைகள் அனைவருக்கும் வீடு கிடைத்துவிடுவதில்லை. எனவே இல்லங்கள் தேவைப்படுகின்றன. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், பராமரிப்பும் பாதுகாப்பும் வேண்டிய பிள்ளைகளைத் தங்கவைக்கும் எந்த இல்லமும் பதிவு பெற்றாக வேண்டும் என்கிறது. தவறினால் ஓராண்டு வரை சிறையோ, ஓர் இலட்சத்துக்குக் குறையாத அபராதமோ, இரண்டுமோ உண்டு. இதற்கு மேல், ‘கிரெடிபிலிட்டி அலையன்ஸ்’ போன்ற அமைப்புகள் தொண்டு நிறுவனங்களின் நிருவாகத்தையும் கணக்கையும் ஆராய்ந்து தரச் சான்று வழங்குகின்றன. அது கட்டாயமன்று, நாமாக விரும்பிக் கேட்பது.

அத்தகைய சான்று கோர ஆயத்தமாகிக்கொண்டிருந்த பெண் பிள்ளைகள் இல்லம் ஒன்றின் கணக்கறையில் நாம் இரண்டு நாள் அமர்ந்திருந்தோம். அன்பளிப்புப் பதிவேட்டைப் புரட்டினால், “அரிசி ஒரு மூட்டை, அன்பர்” என்றே பக்கத்துக்குப் பக்கம் காணப்பட்டது. திருமண நாளுக்கும் நினைவு நாளுக்கும் கொடுத்துச் செல்லும் மக்கள் ரசீது கேட்பதில்லை. “சுவாமி, கொடுப்பவரே பெயர் வேண்டாம் என்கிறார். அவரிடம் ரசீதை நீட்டுவது முறையா?” என்று இல்லத் தலைவியார் வருந்தினார். பெயரை மறைக்கலாம், மூட்டையை மறைக்கலாகாது என்றோம். அதன்பின் மூட்டைக்கு எடையும், நாளும், பெற்றவர் கையொப்பமும் ஏறலாயின.

கணக்கையாவது ஒரு கிழமையில் சீர்செய்துவிடலாம். குறைப்பெட்டியின் செய்தி வேறு. கூடத்துச் சுவரில் அழகாக வண்ணம் தீட்டிய பெட்டி. அதன் திறவுகோலோ விடுதிக் காப்பாளரின் இடுப்பில்! காப்பாளர் மீதே ஒரு சிறுமிக்கு மனக்குறை இருக்குமாயின் அவள் எங்கே எழுதிப் போடுவாள்? 2016-ஆம் ஆண்டின் மாதிரி விதிகள், திறவுகோல் மேலாண்மைக் குழுத் தலைவரிடம் இருக்க வேண்டும் என்றும், வாரம் ஒருமுறை பிள்ளைகளின் குழுவினர் முன்னிலையில் பெட்டியைத் திறக்க வேண்டும் என்றும் கூறுகின்றன. திறவுகோல் கைமாறியது. காப்பாளருக்குச் சற்றே மனத்தாங்கல்தான், அதனாலென்ன?

கோப்புகளை அழகுறத் தொகுத்துக் கொடுக்கக் கூலிக்கு ஆள் கிடைக்கும் காலம் இது. நமக்கு அதில் உடன்பாடில்லை. ஆய்வுக்கு வருபவர் சமையற்கார அம்மாளிடம், “தீப்பற்றினால் பிள்ளைகளை எவ்வழியே வெளியேற்றுவீர்கள்?” என்று கேட்டால், கோப்பா எழுந்து விடை சொல்லும்? 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் ஏர்வாடியில் மனநோயாளர் காப்பகம் ஒன்று தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தப்ப வழியின்றி மாண்டனர். சான்று, பதிவு, ஆய்வு என்பவற்றை வீண் தொல்லை எனச் சலித்துக்கொள்ளும் நம்மவர் அந்நாளை எண்ணிப் பார்ப்பாராக.

கணக்குக் கேட்பது நமக்கு அயலார் புகுத்திய வழக்கமுமன்று. இங்கிருந்து பேருந்தில் எளிதாகச் சென்றுவரக்கூடிய உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) உள்ளன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனின் பெயரையும், அவன் நெருங்கிய உறவினரின் பெயர்களையும் குடவோலையில் இடலாகாது என ஊர்ச்சபையார் அன்றே கல்லில் வெட்டிவைத்தனர்.

நாம் விடைபெற்ற மாலையில் இல்லத்தில் வேலை முடிந்திருக்கவில்லை. மூன்று சிறுமியரின் கோப்புகளில் குடும்ப விசாரணை அறிக்கை இன்னும் சேரவில்லை. அவர்களுள் ஒருத்தியின் பாட்டி ஆரணிப் பக்கத்தில் இருப்பதாகத் தெரியவந்து, விலாசம் தேடி ஒரு சகோதரியார் மறுநாட் காலைப் பேருந்துக்குப் புறப்பட ஆயத்தமாயிருந்தார்.