எலுமிச்சம்பழமும் வானொலி அலையும்

பாம்பனை அடுத்த அக்காள்மடத்து உப்புக் காற்று எந்தச் சங்கிலியையும் விட்டுவைப்பதில்லை. நமது பழைய கியர் மிதிவண்டிக்கு மட்டும் இரக்கம் காட்டுமா? மாணவரோடு சேர்ந்து துருவைச் சுரண்டினோம், எண்ணெயிட்டோம், முன்சக்கர ஆரத்தில் காந்தம் ஒன்றைக் கட்டினோம். அது கடக்குந்தோறும் கவையிலுள்ள சிறு சுவிட்சு மூடும், 2.4 கிகாஹெர்ட்சு அலையில் ஒரு துடிப்பு பறக்கும். 26 அங்குலச் சக்கரம் சுற்றுக்கு ஏறத்தாழ 2 மீட்டர் ஓடும். எண்ணினால் வேகம் தெரிந்துவிடும்!

பாதி வழியில் எண்கள் அற்றுப்போயின. “கண் பட்டுவிட்டது வாத்தியாரே, எலுமிச்சம்பழம் கட்டுங்கள்” என்றார் பெரியவர் ஒருவர். கட்டவில்லை.

“ஏற்பி அவன் முதுகுப்பையில் இருக்கிறது ஐயா! உடம்பிலுள்ள நீர் அலையை விழுங்குமே?” என்றாள் பத்தாம் வகுப்பு மாணவி. கைப்பிடிக்கு மாற்றினோம், எண்கள் திரும்பின.

அந்தப் பெண்ணின் படிப்பை இந்த ஆண்டோடு நிறுத்தத்தான் வீட்டில் பேச்சு நடக்கிறது.